அணி சரியும்போது எந்த நிருபரை நம்புவது? கால்பந்து பார்க்கப் புதிதாக வந்தவர்களுக்கு

ஒரு அணி ஜெயித்துக்கொண்டே இருக்கும்போது அதைப் பற்றி யார் எழுதினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. நாலைந்து ஆட்டம் வரிசையாகத் தோற்கட்டும், அப்புறம் பாருங்கள்: மேனேஜருக்கும் வீரர்களுக்கும் ஆகவில்லை, முதலாளி கடுப்பில் இருக்கிறார், கேப்டன் கிளம்பப் போகிறார், புது மேனேஜரோடு பேசி முடித்துவிட்டார்கள் என்று ஒரே நாளில் செய்தி கொட்டும், அதில் பாதி மீதிப் பாதிக்கு நேர் எதிராக இருக்கும். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கை இப்போதுதான் பின்தொடர ஆரம்பித்தவர்கள் திணறிப்போவது இந்த இடத்தில்தான்.

பலர் கேட்பது “நம்பகமான நிருபர்கள் யார் யார், ஒரு லிஸ்ட் கொடுங்கள்” என்று. லிஸ்ட் கொடுப்பது சுலபம், ஆனால் அதை வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போக முடியாது, ஏனென்றால் ஒரே நிருபருக்கு வீரர்களின் ஏஜென்ட்டுகளிடம் நல்ல பழக்கம் இருக்கும், கிளப் நிர்வாகத்தில் ஒருவரையும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு செய்தியிடமும் இரண்டு கேள்வி கேட்கப் பழகுங்கள்: இது இவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இது வெளியே வந்தால் யாருக்கு லாபம்? கீழே சொல்லும் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்கும் விதம்தான்.

பழகிப் பார்க்க முடிந்துபோன ஒரு சீசனை எடுத்துக்கொள்வது நல்லது, முடிவு தெரிந்திருப்பதால் யார் என்ன சொன்னார்கள், என்ன நடந்தது என்று ஒப்பிடலாம். நான் எப்போதும் சொல்வது லெஸ்டர் சிட்டியின் 2016-17 சீசன். முந்தைய ஆண்டு 81 புள்ளிகளோடு லீக் பட்டம் வென்ற அணி அது, யாருமே எதிர்பார்க்காத வெற்றி, மேனேஜர் கிளாடியோ ரனியேரியை உலகமே கொண்டாடியது. ஒன்பது மாதம் கழித்து, 2017 பிப்ரவரி 23 அன்று, அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

முதலில் புள்ளிப் பட்டியல், பிறகுதான் செய்தி

எந்தச் செய்தியையும் திறப்பதற்கு முன் யாரும் மறுக்க முடியாத விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்ட முடிவுகள், புள்ளிகள், காயப்பட்டவர்கள், போன கோடையில் விற்கப்பட்டவர்கள். ரனியேரி போன அன்று லெஸ்டரின் நிலைமை: 25 லீக் ஆட்டம், 21 புள்ளி, 17ஆம் இடம், கீழ் லீக்குக்கு இறக்கப்படும் கடைசி மூன்று இடங்களுக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. 2017 பிறந்ததிலிருந்து லீக்கில் ஆறு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை. பட்டம் வென்ற அணியின் நடுக்களத்தையே தாங்கிய என்கோலோ காண்டே முந்தைய கோடையில் செல்சிக்குப் போய்விட்டார்.

இதை முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இவ்வளவு மோசமாகப் போகும் அணிக்கு மேனேஜர் மாறுவது இங்கிலாந்தில் சாதாரணம், அதற்குச் சதி, துரோகம், ரகசியக் கூட்டம் எதுவும் தேவையில்லை. காண்டே போனதையும் கோல் வறட்சியையும் ஒரு வரியில் தாண்டிவிட்டு மீதி முழுவதும் யார் யாரோடு பேசவில்லை என்பதிலேயே ஓடும் கட்டுரையை நான் ஒரு படி கீழேதான் வைப்பேன். எழுதியவருக்கு உள்ளே ஆள் இருக்கலாம், ஆனால் கண்முன்னால் நடந்ததையே சொல்லாதவர் கண்ணுக்குத் தெரியாததை மட்டும் சரியாகச் சொல்வார் என்று ஏன் நினைக்க வேண்டும்?

எழுதுவது யார், அவர் எங்கே நிற்கிறார்

அடுத்து ஆளைப் பாருங்கள். அணி இருக்கும் ஊரின் பத்திரிகைக்காரர் (லெஸ்டருக்கு லெஸ்டர் மெர்குரி, மான்செஸ்டருக்கு மான்செஸ்டர் ஈவினிங் நியூஸ், லிவர்பூலுக்கு லிவர்பூல் எக்கோ) ஒவ்வொரு பிரஸ் மீட்டுக்கும் போகிறார், வெளியூர் ஆட்டங்களுக்கும் போகிறார். யார் நொண்டுகிறார், யார் பயிற்சிக்கு வரவில்லை, யார் யாரோடு பேசிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்பதை நேரில் பார்க்கிறார். காயம், அணித் தேர்வு, கிளப்பின் மனநிலை, இவற்றில் அவரை விடப் பெரிய பெயர்களை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் அவருக்கு ஒரு நெருக்கடி இருக்கிறது, கிளப் கதவைச் சாத்திவிட்டால் அவருக்கு வேலையே ஓடாது. இது வெறும் பயமில்லை. 2013 அக்டோபரில் நியூகாசில் யுனைடெட், ரசிகர்கள் நடத்திய எதிர்ப்பு ஊர்வலத்தைப் பற்றி எழுதியதற்காக உள்ளூரின் மூன்று பத்திரிகைகளுக்குத் தடை போட்டது. மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜராக இருந்த அலெக்ஸ் பெர்குசன் பிபிசியோடு 2004 முதல் 2011 வரை பேசாமலேயே இருந்தார், பிபிசி அளவுக்குப் பெரிய நிறுவனம் அதைத் தாங்கிக்கொண்டது, சின்னப் பத்திரிகை எப்படித் தாங்கும்? அதனால் உள்ளூர் நிருபர் எழுதுவதை விட, எழுதாமல் விடுவதைக் கவனியுங்கள். எப்போதும் மேனேஜரைத் தாங்கிப் பேசிவந்தவர் திடீரென்று “பொறுமை குறைகிறது” என்று ஒரு வரி எழுதினால் அதற்கு எடை அதிகம், தினமும் கத்துகிறவரின் பத்துக் கட்டுரையை விட.

ட்ரான்ஸ்ஃபர், அதாவது வீரர்கள் கிளப் மாறும் செய்தி மட்டும் தருகிறவர்கள் வேறு இனம். ஃபாப்ரிசியோ ரொமானோவைத் தெரியாத ரசிகர் இப்போது கிடையாது. இவர்களின் பலம் ஏஜென்ட்டுகளும், ஒப்பந்தம் பேசுகிற இரண்டு கிளப்களும். வாங்கல் விற்றல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு இவர்களைப் பாருங்கள், உடைமாற்றும் அறையில் என்ன சண்டை என்பதற்கு இவர்களிடம் போவதில் அர்த்தமில்லை.

முன்னாள் வீரர்கள் டிவியில் பேசுவது கருத்து. நல்ல கருத்தாகவே இருக்கும், ஆட்டத்தைப் படிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, ஆனால் அது செய்தி இல்லை. “அந்த வீரர்களுக்கு மேனேஜருக்காக ஆடப் பிடிக்கவில்லை போலத் தெரிகிறது” என்று ஒருவர் ஸ்டுடியோவில் சொல்வது, மறுநாள் “வீரர்கள் மேனேஜருக்கு எதிராகத் திரும்பினர்” என்ற தலைப்பாகி வருகிறது. எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் போனால் சோபாவில் உட்கார்ந்து ஒருவர் சொன்ன ஊகம்தான் நிற்கும்.

கடைசியாக, சொந்தமாக எதையும் விசாரிக்காமல் மற்றவர்கள் எழுதியதைத் திரட்டிப் போடும் தளங்களும் கணக்குகளும். தமிழில் நமக்கு வந்து சேரும் வெளிநாட்டுக் கால்பந்துச் செய்திகளில் நிறைய இந்த வழியாகத்தான் வருகின்றன. ஸ்பானியப் பத்திரிகை “யோசிக்கிறது” என்று எழுதியது ஆங்கிலத் தளத்தில் “முயல்கிறது” ஆகி, தமிழ் யூடியூப் தலைப்பில் “முடிந்தது” ஆகிவிடும். ஆகவே மூலம் எது என்று பார்த்து, முடிந்தால் அங்கேயே போய்ப் படியுங்கள்.

எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தின் நீல டிக் பற்றியும் ஒரு வார்த்தை: அது இப்போது காசுக்குக் கிடைக்கிறது. பிரபல நிருபர்களின் படத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு எழுத்தை மாற்றி நடத்தும் போலிக் கணக்குகள் அணி சரியும் நேரத்தில்தான் அதிகம் பரவும். பெயரைப் பார்க்காமல் அதன் கீழே இருக்கும் கணக்கு முகவரியைப் பாருங்கள், பழைய பதிவுகளைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள், அரை நிமிட வேலை.

ஒரு செய்தியைப் பிரித்துப் படிப்பது

இதுதான் முக்கியமான வேலை, நேரம் எடுத்துச் செய்யுங்கள். ஒரு செய்தி பார்ப்பதற்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளே மூன்று நான்கு தனித்தனி விஷயங்கள் இருக்கும். அவற்றைப் பிரித்துத் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

ரனியேரி போன உடனே வந்த செய்திகளின் சாரம் இது: நிர்வாகம் நம்பிக்கை இழந்திருந்தது, மூத்த வீரர்கள் முதலாளியிடம் போய்ப் புகார் சொன்னார்கள், இன்னின்ன வீரர்கள் அதில் இருந்தார்கள். முதலாவது, வேலை போனதே சாட்சி. இரண்டாவதற்கு, அந்தக் கூட்டத்தில் இருந்த யாராவது பேசியிருக்க வேண்டும், அப்படிப் பேசியவருக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருந்திருக்கும். மூன்றாவதற்கு வரும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும், பெயர் சொல்லிவிட்டால் அது ஒரு மனிதரின் மேல் போய் விழுகிறது.

லெஸ்டரின் முன்கள வீரர் ஜேமி வார்டிக்கு அதுதான் நடந்தது. ஸ்பெயினின் செவில்லா அணியிடம் தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் தானும் இருந்ததாக ஒரு செய்தி வந்தது, உண்மையில் அப்போது தான் ஊக்கமருந்துப் பரிசோதனைக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக அவர் மார்ச்சில் இங்கிலாந்து அணி முகாமில் சொன்னார். அந்தச் செய்திகளுக்குப் பிறகு தன் குடும்பத்துக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததையும் சொன்னார். வார்டியும் சம்பந்தப்பட்டவர்தானே, அவர் மறுக்கத்தானே செய்வார் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மறுப்பில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஊக்கமருந்துப் பரிசோதனை என்ற, பதிவேட்டில் சரிபார்க்கக்கூடிய தகவல் இருக்கிறது. குற்றச்சாட்டில் பெயர் சொல்லாத ஒரு குரல் மட்டும் இருக்கிறது. சரிபார்க்க வழி கொடுப்பவர் பக்கம்தான் நான் சாய்வேன். ரனியேரியே ஏப்ரலில் ஸ்கை டிவியில் உட்கார்ந்து, தன்னைக் கவிழ்த்தது வீரர்கள் என்று தான் நம்பவில்லை என்றார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2015 இலையுதிர் காலத்தில் மேனேஜர் ஜோஸே மொரீனியோவின் செல்சி சரிந்துகொண்டிருந்தபோது, மொரீனியோவுக்காக ஜெயிப்பதை விடத் தோற்பதே மேல் என்று ஒரு வீரர் சொன்னதாக பிபிசி வானொலியில் ஒரு தகவல் வந்தது, பெயர் இல்லை. ரசிகர்கள் ஆளாளுக்கு ஒரு வீரரின் பெயரைச் சொன்னார்கள், செல்சி வீரர் செஸ்க் ஃபாப்ரிகாஸ் அது நான் இல்லை என்று தானாக வந்து மறுக்க வேண்டியதாயிற்று. டிசம்பர் 17 அன்று மொரீனியோ போனார், நடப்புச் சாம்பியனான செல்சி 16 ஆட்டத்தில் ஒன்பது தோல்வியோடு 16ஆம் இடத்தில் இருந்தது. கிளப்பின் தொழில்நுட்ப இயக்குநர் மைக்கேல் எமெனாலோ கிளப்பின் சொந்தத் தொலைக்காட்சியிலேயே, மேனேஜருக்கும் வீரர்களுக்கும் இடையே பிணக்கு இருந்தது வெளிப்படையாகத் தெரிந்தது என்று சொல்லிவிட்டார். ஆக, பிணக்கு உண்டு என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் கொடுக்கலாம். ரசிகர்களாகச் சேர்த்துக்கொண்ட பெயர்களுக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

யார் சொன்னதாக எழுதுகிறார்கள்

“வீரருக்கு நெருக்கமான வட்டாரம்” என்றால் பெரும்பாலும் ஏஜென்ட் என்று படித்துக்கொள்ளுங்கள். அணி மூழ்கும்போது தன் வீரரைக் கரையேற்றுவது அவர் வேலை, வீரர்களை வாங்க விற்க அனுமதி உள்ள ஜனவரி ட்ரான்ஸ்ஃபர் சாளரம் திறக்கும் சமயத்தில் “பெரிய கிளப்கள் கவனிக்கின்றன” என்ற செய்தி வருவது அதனால்தான். “கிளப்பில் இப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது” என்றால் கிளப்பின் மக்கள் தொடர்புப் பிரிவோ நிர்வாகியோ பெயர் போடாமல் சொன்னது. இவை பொய் என்று அர்த்தமில்லை, சொன்னவரின் நலன் கலந்த உண்மை.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் ரொம்ப உதவும். இங்கிலாந்தில் ஆட்டத்துக்கு முந்தைய பிரஸ் மீட் இரண்டு பகுதியாக நடக்கும். கேமராக்கள் முன் ஒன்று, அது உடனே வெளிவரும். பிறகு பத்திரிகைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று, அதில் பேசியதை வழக்கமாக இரவு 10.30 வரை வெளியிடக் கூடாது. அங்கே குளிர்காலத்தில் இரவு 10.30 என்றால் நமக்கு விடிகாலை 4 மணி. காலையில் போனை எடுத்தால் ஐந்து பத்திரிகையில் ஒரே செய்தி, ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில். ஐந்து பேர் சொல்கிறார்களே, உறுதி என்று தோன்றும், ஆனால் ஐந்து பேரும் ஒரே அறையில் ஒரே ஆளின் முன்னால் உட்கார்ந்து கேட்டது அது. மூலம் ஒன்றுதான். அதேபோல மேனேஜரைப் பற்றி ஒரே மணி நேரத்தில் பல நிருபர்களிடமிருந்து ஒரே தொனியில் செய்தி வந்தால் கிளப் எல்லோரையும் அழைத்துச் சொல்லியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கிளப்பின் மனம் என்ன என்பதற்கு அது நல்ல சாட்சி, நடந்தது என்ன என்பதற்கு இல்லை.

“அடுத்த மேனேஜர் இவர்தான், பந்தய நிறுவனங்கள் கணிப்பு” என்ற வகைச் செய்திகளை முழுசாகவே தாண்டிப் போய்விடுங்கள். பணம் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் விகிதம் நகரும், அவ்வளவுதான் அதில் இருக்கும் தகவல். தலைப்பை வைத்தும் நிருபரைத் திட்ட வேண்டாம், பத்திரிகைகளில் தலைப்பு போடுவது பெரும்பாலும் அலுவலகத்தில் இருக்கும் வேறு ஆள், உள்ளே போய் அவர் எழுதியதைப் படியுங்கள்.

கிளப்பின் மறுப்பு வந்துவிட்டால்?

2017 பிப்ரவரி 7 அன்று லெஸ்டர் கிளப், ரனியேரிக்கு அசையாத ஆதரவு உண்டு என்று அறிக்கை விட்டது. பதினாறு நாளில் அவர் வேலையில் இல்லை. செல்சி 2015 அக்டோபர் 5 அன்று மொரீனியோவுக்கு முழு ஆதரவு என்றது, இரண்டரை மாதம்கூட அவர் நீடிக்கவில்லை. ஆகவே கிளப் மறுத்துவிட்டது என்பதற்காக ஒரு நிருபரின் பெயரை அடித்துவிடாதீர்கள், அறிக்கை விடுகிற அளவுக்கு நிலைமை போய்விட்டதே ஒரு செய்திதான்.

இன்னொரு தவறும் இங்கே நடக்கிறது. “நான் அன்றைக்கே சொன்னேன், போய்விடுவார் என்று” என மார்தட்டுகிறவருக்கு உடனே மாலை போட வேண்டாம். தோற்கும் அணியின் மேனேஜர் போவார் என்று எப்போதும் எழுதுபவர் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருப்பார், அதற்கு உள்ளே ஆள் வேண்டியதில்லை. 2020 கிறிஸ்துமஸ் நேரத்தில் ஆர்சனல் 14 ஆட்டத்தில் 14 புள்ளியோடு 15ஆம் இடத்தில் கிடந்தது, மேனேஜர் மிகெல் ஆர்டெட்டாவின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று பலர் எழுதினார்கள். கிளப் அவரை வைத்துக்கொண்டது, 2022-23இல் லீக்கில் இரண்டாம் இடத்துக்கும் வந்தது அந்த அணி. அந்த டிசம்பரில் நிர்வாகம் அவரை அனுப்பப் போவதில்லை என்று தெளிவாக எழுதியவர் யாரோ, அவருக்குத்தான் உள்ளே காது இருந்தது. ஊரோடு சேர்ந்து சொன்னதற்கு மதிப்பெண் வேண்டாம், ஊர் சொன்னதற்கு எதிராகச் சொல்லிச் சரியாக வந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

காரணம் சொல்லும் கட்டுரைகள்

ரனியேரி போன பிறகு முதல் ஆட்டத்தில் லெஸ்டர் லிவர்பூலை 3-1 என்று அடித்தது, வார்டிக்கு இரண்டு கோல். அதுவரை உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியரின் கீழ் முதல் ஐந்து லீக் ஆட்டமும் வெற்றி. வீரர்கள் வேண்டுமென்றே ஆடாமல் இருந்தார்கள் என்பதற்கு இதுவே சாட்சி என்று எழுதித் தள்ளினார்கள். அப்படியும் இருக்கலாம், மாற்றம் வந்ததும் பதற்றம் போய்ப் பழைய ஆட்டத்துக்குத் திரும்பியிருக்கலாம், எந்த அணியும் கோலே போடாமல் காலம் தள்ளாது என்பதும் இருக்கலாம். இந்த மூன்றையும் வாசகர் முன் வைத்து, தான் ஏன் ஒன்றைத் தேர்ந்தேன் என்று சொல்பவரைத் தொடருங்கள்.

டாட்டனம் 2024-25 இன்னும் நல்ல பாடம். லீக்கில் 22 தோல்வி, 17ஆம் இடம், அதே சீசனில் ஐரோப்பிய கிளப்களுக்கான யூரோப்பா லீக் கோப்பை. குளிர்காலத்தில் கோல்கீப்பர் விகாரியோ, நடுத் தடுப்பில் ரொமேரோ, வான் டி வென் மூவரும் ஒரே நேரத்தில் இல்லாமல், நடுக்களத்துப் பையனான 18 வயது ஆர்ச்சி கிரேயைத் தடுப்பில் நிறுத்தி ஆடினார்கள். மேனேஜரின் பிடிவாதமும் ஒரு காரணம் என்று நியாயமாக வாதாடலாம், ஆனால் அந்தப் பையன் அங்கே ஏன் நின்றான் என்பதைச் சொல்லாமல் “மனவுறுதி இல்லாத அணி” என்று மட்டும் எழுதியவர் ஆட்டத்தைப் பார்த்தாரா என்றே எனக்குச் சந்தேகம் வரும்.

கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்

போனில் ஒரு குறிப்பைத் திறந்து தேதி, யார், என்ன சொன்னார், என்ன ஆனது என்று நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். “ஆர்வம் இருக்கிறது” என்றதை “வாங்குகிறார்கள்” என்று நீங்களே மாற்றி எழுதிவிட்டு, பிறகு அவர் பொய் சொன்னார் என்று கோபப்படக் கூடாது. பதிவுகளை அழிப்பவர்கள் உண்டு, அதனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. அன்றைக்கே தீர்ப்பு எழுத வேண்டாம், இரண்டு மூன்று மாதம் விடுங்கள். தப்பாகப் போனதும் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தான் சொன்னது ஏன் நடக்கவில்லை என்று திரும்பி வந்து எழுதுபவர் கிடைத்தால் விடாதீர்கள், அப்படி ஆட்கள் குறைவு.

உங்களுக்குப் பிடிக்காத வீரரைப் பற்றிய மோசமான செய்தியைப் படிக்கும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். வார்டியின் வீட்டுக்கு வந்த மிரட்டலை அனுப்பியவர்கள் எல்லோரும் அந்தச் செய்தியை நம்ப விரும்பியவர்கள்தான்.

இந்தக் கணக்கை மேனேஜர் மாறும்போது ஒரு கோடு போட்டுப் பிரித்து வையுங்கள். பழைய மேனேஜரின் உதவியாளர்களும், அவரை அழைத்து வந்த இயக்குநரும் கிளம்பிப் போனால் ஒரு நிருபரின் மொத்தத் தொடர்பும் அவர்களோடு போய்விடலாம், அதுவரை கச்சிதமாக இருந்தவர் அடுத்த சில மாதம் மற்றவர்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார். கோட்டுக்குக் கீழே எல்லோருக்கும் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பியுங்கள்.